ஜிஐஎஸ் மேற்படிப்பு: கணக்குப் பிரிவு எடுக்காதவள் சேரலாமா? (பாரூர், கிருஷ்ணகிரி மாவட்டம்)

பாரூர் மாந்தோப்பு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பாரூர் பக்கம். சேலத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. புவியியல் கடைசி வருடம் படிக்கிறேன். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா மரங்கள். அம்மா நூறு நாள் வேலைக்கும் போவார். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

போன செமஸ்டரில் ஜிஐஎஸ் (இடங்களின் விவரங்களைக் கணினியில் வரைபடமாகப் போட்டு ஆராயும் முறை) தாள் ஒன்று இருந்தது. ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்காருவோம், என் முறை வரும்போது மணி அடித்துவிடும். ஆனாலும் அந்தத் தாள்தான் எனக்குப் பிடித்தது. காரணம் சொல்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை ஏறி வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். சாலையோரம் நின்ற வேன்கள் தண்ணீரில் உருண்டு போனதை எல்லோரும் செல்போனில் பார்த்தீர்கள். என் அத்தை வீடு அங்கேதான். அவர் தெருவில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு தெரு தள்ளி, அதே மேட்டில் இருக்கும் வீடுகளில் வாசல்படிகூட நனையவில்லை. ஏன் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டி, "இது முன்னே கால்வாய் போன இடம் கண்ணு" என்றார். அந்தக் கால்வாய் எந்தப் படத்திலும் இருக்கிறதா, இருந்தால் யாராவது பார்த்தார்களா என்பதுதான் அன்றிலிருந்து என் மனதில் ஓடுகிறது.

ஜிஐஎஸ்ஸை முழுதாகச் சொல்லித்தரும் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் எம்.எஸ்சி. அல்லது அது போன்ற படிப்பில் சேர ஆசை. ஆனால் பிளஸ் டூவில் நான் கணக்கு இல்லாத பிரிவு. அப்பா பி.எட். முடித்துவிட்டு டீச்சர் வேலைக்குப் போ என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கடன் வாங்கித்தான் படிக்க வைக்க வேண்டும்.

கணக்கு இல்லாமல் இதைப் படிக்க முடியுமா? சேருவதற்கு முன் எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள வேண்டும்? லேப்டாப் எப்படி வாங்குவது? இந்தப் படிப்பைப் படித்தவர்கள், இந்த வேலையில் இருப்பவர்கள், தயவுசெய்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பென்னாகரத்துக்காரன் பதில்:

தங்கச்சி, நான் பென்னாகரம். இதே படிப்பை முடித்து ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது குடிநீர்க் குழாய்த் திட்டங்களுக்கு வரைபட வேலை செய்கிறேன். நீங்கள் கேட்ட வரிசையில் சொல்லாமல், என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் கதையைச் சொல்கிறேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

எங்கள் பக்கம் ஃப்ளோரைடு தண்ணீர் என்பது உங்களுக்குத் தெரியும். என் அக்காவுக்குச் சின்ன வயதிலேயே பல்லில் பழுப்புக் கோடு விழுந்துவிட்டது. போட்டோ எடுக்கும்போது இன்றைக்கும் உதட்டை மூடிக்கொள்வார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் வந்ததே இதனால்தான். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால் முதலில் பல், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பு. எங்கள் ஊர்க் கிணறுகளை எல்லாம் படமாகப் போட்டு, எது நல்ல தண்ணீர் என்று காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஜிபிஎஸ் கருவியும் பிளாஸ்டிக் பாட்டில்களும் எடுத்துக்கொண்டு மாமாவின் டிவிஎஸ் எக்ஸலில் சுற்றினேன். பென்னாகரம், பாப்பாரப்பட்டி, தருமபுரி வரை 58 கிணறுகள். பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, புள்ளிகளைக் கணினியில் ஏற்றினேன். பாதிக் கிணறுகள் வங்காள விரிகுடாவில் விழுந்தன.

காரணம் இது. நம் இரண்டு மாவட்டங்களின் நடுவே 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை போகிறது. சூளகிரி, ராயக்கோட்டை பக்கமாக இறங்கித் தெற்கே வருகிறது. பூமியை வடக்குத் தெற்கான பட்டைகளாக, அதாவது மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இடத்தைத் தனித்தனியாக மீட்டரில் சொல்லும் யுடிஎம் என்ற அளவுமுறையில் அந்தக் கோடு ஓர் எல்லை. அதற்கு மேற்கே இருக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் எல்லாம் 43-ஆம் மண்டலம். கிழக்கே இருக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி, உங்கள் பாரூர் எல்லாம் 44-ஆம் மண்டலம். பென்னாகரத்தில் நின்றால் கருவி கிழக்கு அளவை எட்டு லட்சத்துச் சொச்சம் மீட்டர் என்று காட்டும். பஸ் ஏறித் தருமபுரியில் இறங்கினால் இரண்டு லட்சத்துக்கும் கீழே காட்டும். கருவி தானாக மண்டலத்தை மாற்றிக்கொண்டது. நான் எண்களை மட்டும் நோட்டில் எழுதினேன், மண்டலத்தை எழுதவில்லை. எல்லாவற்றையும் 44 என்று ஏற்றியதால் எங்கள் ஊர்க் கிணறுகள் கடலுக்குப் போய்விட்டன. தஞ்சாவூரில் படித்த என் வகுப்புத் தோழனுக்கு இந்தப் பிரச்சினையே வராது, அவன் மாவட்டம் முழுக்க ஒரே மண்டலம். நம் ஊரில் படிப்பவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியது இது. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய நிலப்படத் தாள்களும் இதே கோட்டில்தான் பிரிகின்றன: மேற்கே 57 எச், கிழக்கே 57 எல். அந்தப் பழைய தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்ற பழைய கணக்கை அடிப்படையாக வைத்து வரைந்தவை. செயற்கைக்கோள் படங்களுக்கு டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கு, அவற்றின் மேல் அப்படியே வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். ஒரு கிணறு அடுத்தவர் தோட்டத்துக்குப் போய்விடும்.

கடலில் விழுந்தது கண்ணுக்குத் தெரிந்த தப்பு, ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டேன். அடுத்தது கண்ணுக்குத் தெரியாத தப்பு. 58 புள்ளிகளை வைத்து நடுவில் இருக்கும் இடங்களையெல்லாம் கணித்து நிரப்பும் முறை ஒன்று இருக்கிறது, கிரிகிங் என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் டேனி கிரிக் என்ற சுரங்கப் பொறியாளர் 1951-இல் தங்கச் சுரங்கத்துக்காகச் செய்த வேலையிலிருந்து வந்தது. சில துளைகளில் எடுத்த மாதிரியை வைத்து, தோண்டாத இடத்தில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று கணிப்பது. நான் அதை ஓட்டினேன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அருமையான படம் வந்தது. ஒகேனக்கல் காட்டுப் பக்கம் பெரிய சிவப்புப் பட்டை. பெருமையோடு என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் சிவப்புப் பட்டையின் மேல் விரலை வைத்து, "இங்கே எத்தனை கிணற்றில் தண்ணீர் எடுத்தாய்?" என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை. அடுத்து, "இந்த இரண்டு கிணறும் முந்நூறு மீட்டர் தூரம்கூட இல்லை, ஒன்று நல்ல தண்ணீர், ஒன்று மோசம். ஏன்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "ஆழம் எழுதினாயா?" என்றார். எழுதவில்லை.

மறுபடியும் 58 இடத்துக்கும் போனேன். முதலில் சொன்னது நாற்பது அடித் திறந்த வெளிக் கிணறு, மழை பெய்தால் ஊறும், புதுத் தண்ணீர். இரண்டாவது அறுநூறு அடி போர். பாறை இடுக்கில் பல காலம் தங்கிய தண்ணீர், பாறையிலுள்ள தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடைக் கரைத்துக்கொண்டது. படத்தில் அவை பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள். நிலத்துக்குள் அவை வேறு வேறு தண்ணீர். நான் இரண்டையும் கலந்து சராசரி எடுத்து, எங்குமே இல்லாத ஒரு தண்ணீருக்குப் படம் போட்டிருந்தேன். "எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையவை, பக்கத்தில் இருப்பவை தூரத்தில் இருப்பவற்றைவிட அதிகத் தொடர்புடையவை" என்று வால்டோ டோப்ளர் 1970-இல் சொன்ன விதியை முதல் வாரமே வகுப்பில் சொல்வார்கள். நம் ஊர்க் கடினப் பாறையில் நடுவே ஒரு கருங்கல் டைக் (நிலத்துக்குள் சுவர்போல நிற்கும் பாறை) குறுக்கே போனால் அந்தப் பக்கத் தண்ணீருக்கும் இந்தப் பக்கத் தண்ணீருக்கும் உறவே இருக்காது. விதி தப்பில்லை. எது பக்கம், எது தூரம் என்பதை மேலே இருந்து பார்த்து முடிவு செய்தது என் தப்பு.

கடைசியில் திறந்த கிணறுகளைத் தனியாகவும் போர்களைத் தனியாகவும் வைத்தேன். நிரப்பும் படத்தை விட்டுவிட்டு வெறும் புள்ளிப் படமாகக் கொடுத்தேன். பார்க்க அழகாக இல்லை. ஒவ்வொரு கிணற்றுக்காரருக்கும் அவர் தண்ணீரின் அளவைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு அம்மா அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். மதிப்பெண் பட்டியலைவிட அது எனக்குப் பெரிது.

இப்போது உங்கள் கேள்விகள். சாஃப்ட்வேர்: க்யூஜிஐஎஸ் இலவசம், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் ஆர்க்ஜிஐஎஸ் சொல்லிக்கொடுக்கலாம், ஒன்று தெரிந்தால் மற்றது ஒரு மாதத்தில் வந்துவிடும். லேப்டாப் எட்டு ஜிபி ராம் இருந்தால் போதும், பதினாறு என்றால் நல்லது. கடன் வாங்கிப் பெரியதாக வாங்க வேண்டாம். செயற்கைக்கோள் படங்களுக்கும் காசு வேண்டாம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் பத்து மீட்டர், லேண்ட்சாட் படத்தில் முப்பது மீட்டர், இரண்டும் இலவசம். நம் இஸ்ரோவின் புவன் தளத்திலும் நிறைய இருக்கிறது.

வேலை பற்றி: தனியார் நிறுவனங்களில் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் படத்தைப் பார்த்துக் கோடு வரையும் வேலைதான் கிடைக்கும். நானும் ஒரு நிறுவனத்தில் நாள் முழுக்க அமெரிக்க வீட்டுக் கூரைகளுக்குக் கோடு போட்டேன். சம்பளம் குறைவு, கண் வலிக்கும். அங்கேயே நின்றுவிடாமல் இருக்க பைதான் அல்லது ஆர், இந்த இரண்டு நிரல்மொழிகளில் ஒன்றைப் படிக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

சங்கிலிக் கணக்கு பதில்:

அம்மா, நான் நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். தருமபுரி. கணினி எனக்குப் பேரன் சொல்லிக்கொடுத்தது. பென்னாகரத்துத் தம்பி எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது.

பாட்டி சொன்ன கால்வாய் எந்தப் படத்திலாவது இருக்கிறதா என்று கேட்டாய். பெரும்பாலும் இருக்கும். கிராம வரைபடத்திலும், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அளந்து வரைந்த புலப்படத்திலும், கிராமத்து நிலங்களைப் பட்டியலிடும் அ பதிவேட்டிலும் பார். பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு என்று சர்வே எண்ணோடு எழுதியிருக்கும். தரையில் வீடு வந்துவிட்டாலும் காகிதத்தில் வாய்க்கால் வாய்க்காலாகவே இருக்கும். புலப்படத்தை இப்போது தமிழ்நாடு அரசின் இணையதளத்திலேயே சர்வே எண் போட்டு எடுக்கலாம்.

ஆனால் அந்தப் படம் எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்து. நாங்கள் ஒரு வயலை அளக்க மூலைக்கு மூலை நேர்க்கோடு இழுப்போம், அதை ஜி லைன் என்போம். அந்தக் கோட்டின் மேல் சங்கிலியைப் போட்டு, வரப்பு வளையும் ஒவ்வொரு இடத்துக்கும் செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று குறுக்குக்கட்டை வைத்து எடுப்போம். அந்தக் காலத்துச் சங்கிலி 66 அடி, நூறு கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதாவது புலப்படம் என்பது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள உறவு. பூமியில் அந்தக் கல் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கிறது என்று அதில் கிடையாது. அதைக் கொண்டுபோய்ச் செயற்கைக்கோள் படத்தின் மேல் கண்மதிப்பில் ஒட்டவைத்து, பட்டா நிலத்தைக் கால்வாய் என்றும் கால்வாயைப் பட்டா நிலம் என்றும் சண்டைக்கு வருகிறவர்களை என் கடைசி வருடங்களில் நிறையப் பார்த்தேன்.

முறை இதுதான். முதலில் நடந்துபோய் நிற்கிற கல்லைத் தேடு. மூன்று கிராம எல்லை சேரும் முச்சந்திக் கல் கிடைத்தால் அதைவிட நல்ல கல் கிடையாது, அதை யாரும் லேசில் நகர்த்தமாட்டார்கள். மூன்று கல்லாவது வேண்டும். நாலாவது கிடைத்தால் அதைப் படத்தைப் பொருத்தப் பயன்படுத்தாதே, பொருத்திய பிறகு சரியாக விழுகிறதா என்று பார்க்க வைத்துக்கொள். மூன்று கல்லில் பொருத்தினால் கணினி எப்போதும் சரி என்றுதான் சொல்லும்.

அப்புறம் தம்பி சொன்ன 78 பாகைக் கோடு. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய முக்கோண அளவை, பிறகு தெற்கு முனையிலிருந்து இமயமலை வரை போனது ஏறத்தாழ இந்தக் கோட்டை ஒட்டித்தான். அதற்கும் பத்து வருடம் முன்பே, 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் என்ற நம் சீமை ஆங்கிலேயக் கும்பினிக்கு வந்ததும், கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து தீர்வை கட்டினார்கள். உழவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி என்று பிறகு தென்னாட்டில் பரவிய முறைக்கு முதல் களம் நம் சீமைதான். அளவு என்பது நமக்குப் புதிதாக வந்த விஷயம் கிடையாது, உன் ஊர் மண்ணில் இருநூறு வருடத்துக்கு மேலான வேலை. நம்பிக்கையோடு படி, கண்ணு.

அதியமான்கோட்டை பதில்:

தங்கச்சி, கணக்குப் பற்றி நான் சொல்கிறேன். நானும் கணக்குப் பிரிவு எடுக்காமல் புவியியல் வந்து, இப்போது பிஎச்.டி. நான்காம் வருடம்.

சேரலாம், ஆனால் இடத்துக்கு இடம் மாறும். பொறியியல் சார்ந்த படிப்புகளுக்குக் கணக்கு கட்டாயம். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு (செயற்கைக்கோள் போன்றவற்றின் படங்களால் நிலத்தை ஆராய்வது) நிறுவனமும் அங்கேயே. அந்தப் பாதைக்கு நீங்கள் இப்போது போக முடியாது. எம்.எஸ்சி. பாதை வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறை போன்ற இடங்களில் இந்த வருட அறிவிப்பை நேராக எடுத்து, தகுதி என்ற பத்தியை வரிக்கு வரி படியுங்கள். யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டாம். டேராடூனில் இருக்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவச வகுப்புகள் நடத்துகிறது. சேலத்து விடுதியில் இருந்துகொண்டே இப்போதே ஒன்றில் சேருங்கள். பிடிக்கிறதா என்று செலவில்லாமல் தெரிந்துவிடும். பொறியியல் மேற்படிப்புச் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்விலும் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸ் (நில அளவையும் வரைபடமும் சார்ந்த துறை) தனித் தாளாக இருக்கிறது.

உள்ளே போன பிறகு வேண்டிய கணக்கு இதுதான்: சராசரி, விலக்கம், ஒட்டுறவு, கொஞ்சம் அணிகள், கொஞ்சம் மடக்கை. வகைநுண்கணிதம் இல்லாமலேயே முதல் வருடம் ஓடும். மொரான் ஐ என்று ஓர் அளவு வரும். பேட்ரிக் மொரான் 1950-இல் கொடுத்தது. சூத்திரம் பயமுறுத்தும், பொருள் உங்கள் தோப்பிலேயே இருக்கிறது. பூக்கும் நேரத்தில் உங்கள் தோப்பில் தத்துப்பூச்சி அதிகம் என்றால் பக்கத்துத் தோப்பிலும் அதிகமாக இருக்குமா, அல்லது அங்கொன்று இங்கொன்றாகச் சிதறியிருக்குமா என்பதை ஓர் எண்ணாகச் சொல்வதுதான் அது. பக்கத்துப் பக்கத்துத் தோப்புகள் ஒத்துப்போனால் எண் ஒன்றை நோக்கிப் போகும், சிதறியிருந்தால் பூஜ்யத்துக்கு அருகில் நிற்கும். முதலில் இருபது தோப்பை நோட்டில் வரைந்து கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும். பிறகு கணினி போடுவதைப் பார்த்தால் அது என்ன செய்கிறது என்று தெரியும்.

இன்னொன்று, நம் இரண்டு மாவட்டத்திலும் ஆய்வு செய்கிற ஒவ்வொருவரும் விழுகிற குழி. 2001 மக்கள்தொகைக் கணக்கில் தருமபுரி மாவட்டம் 28.5 லட்சம். 2011-இல் 15 லட்சம். ஊரில் பாதிப்பேர் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இதைக் கவனிக்காமல் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் புதிய எல்லைக்குள் போட்டு "மக்கள்தொகை சரிவு" என்று ஒரு மாணவர் கருத்தரங்கில் படம் காட்டியதை நான் பார்த்தேன். மழை, சாகுபடி, குழந்தைகள் எடை எதுவானாலும் வட்ட அளவில் எடுத்து நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். வட்டங்களும் இடையில் பிரிந்திருக்கின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா சொல்லும் பி.எட். பற்றி: எம்.எஸ்சி. முடித்த பிறகும் பி.எட். படிக்கலாம். புவியியல் முதுகலை ஆசிரியர் வேலைக்கு எம்.எஸ்சி.யும் வேண்டும், பி.எட்.டும் வேண்டும். அதை அப்பாவிடம் சொல்லுங்கள். என் அப்பா அதைக் கேட்ட பிறகுதான் சம்மதித்தார்.

பாரூர் மாந்தோப்பு:

அண்ணா, அக்கா, ஐயா, மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பதில்களை அச்செடுத்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சங்கிலிக் கணக்கு ஐயா எழுதியதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். எங்கள் தோப்பு மூலையிலும் ஒரு கல் இருக்கிறது, தாத்தா காலத்தில் அளந்து நட்டது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் சின்ன ஏரியிலிருந்து வரத்துக் கால்வாயை ஒட்டியே நடந்தோம். முள் நிறைய. செல்போனில் க்யூஃபீல்டு என்ற செயலியைப் போட்டு 14 இடம் குறித்தேன். இரண்டு இடத்தில் கால்வாயே இல்லை. ஓர் இடத்தில் மண் தள்ளித் தென்னை வைத்திருக்கிறார்கள், இன்னோர் இடத்தில் சாலைக்கு அடியில் ஒரே ஒரு குழாய்.

வீட்டுக்கு வந்து, இலவச உயரப் படத்தை (ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலத்தின் உயரத்தைச் சொல்லும் படம்) எடுத்து ஓடும் தண்ணீர்ப் பாதையைக் கணினியில் போட்டேன். அது நாங்கள் நடந்த கால்வாயைக் காட்டவே இல்லை. ஏரிக்கரையை நேராகக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. நான் எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. இன்னொன்று, என் செல்போன் நாலு மீட்டர் துல்லியம் என்று காட்டுகிறது. கால்வாயே இரண்டு மீட்டர்தான். அப்படியென்றால் நான் குறித்ததற்குப் பயன் உண்டா?

பென்னாகரத்துக்காரன் பதில்:

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. அந்த உயரப் படம் எஸ்ஆர்டிஎம் ஆக இருந்தால், 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்தது. ஒரு கட்டம் முப்பது மீட்டர். உங்கள் ஏரிக்கரையின் அடிப்பாக அகலமே பத்துப் பதினைந்து மீட்டர்தான் இருக்கும். கரையும் பக்கத்து வயலும் ஒரே கட்டத்துக்குள் சராசரியாகிக் கரை கரைந்துவிடுகிறது. இரண்டு மீட்டர் கால்வாய் அதற்குத் தெரியவே தெரியாது. அதற்கும் மேலே ஒன்று: பாதை போடுவதற்கு முன் "பள்ளங்களை நிரப்பு" என்ற ஒரு படியை எல்லாப் பாடப்புத்தகமும் செய்யச் சொல்லும். தண்ணீர் தேங்கினால் கணக்கு நின்றுவிடும் என்பதால் பள்ளம் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். நம் ஊரில் அந்தப் பள்ளம்தான் ஏரி. வேறு நாட்டு ஆற்றுப் பள்ளத்தாக்குக்குச் செய்த முறையை ஏரிக்குக் கீழ் ஏரி என்று தொடர்ந்து வரும் நம் நிலத்தில் அப்படியே ஓட்டினால், நம் முன்னோர் கட்டியதையெல்லாம் முதல் படியிலேயே அழித்துவிட்டுத்தான் மேலே போகும். நீங்கள் நடந்து குறித்த கால்வாயைக் கோடாக வரைந்து, அந்த இடங்களில் உயரத்தைச் சில மீட்டர் தாழ்த்தி, கரையை உயர்த்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு உங்களுக்கு இதுவே போதும், தலைப்புத் தேட வேண்டாம்.

நாலு மீட்டர் பற்றி: கால்வாய் எங்கே போகிறது என்று காட்ட அது போதும். யாருடைய நிலத்தில் போகிறது என்று சொல்லப் போதாது. அதற்கு ஐயா சொன்ன கற்களும், இன்னும் துல்லியமாக அளக்கும் டிஜிபிஎஸ் கருவியும் வேண்டும். தென்னை வைத்தவர் வீட்டுக்கு இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிமிடம் அசையாமல் நின்று குறியுங்கள், மரத்தடியைத் தவிருங்கள், செல்போன் காட்டிய துல்லியத்தையும் தேதியையும் எந்தக் கரையில் நின்றீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையாகவே சேமித்து வையுங்கள், மண்டலக் குழப்பம் வராது. சாலைக்கு அடியில் இருக்கும் குழாயின் விட்டத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஏரி நிரம்பி வழியும் கோடி போகும் இடத்தின் அகலத்தையும்.

பாரூர் மாந்தோப்பு:

அளந்துவிட்டோம் அண்ணா. குழாய் இரண்டு அடி. கோடி போகும் இடம் பதினெட்டு அடி.